உதவியாள் இருக்கை

மார்ச் கடைசியில் கிமியோ ஓய்வு பெற்றார். ஏப்ரல் முழுவதும் பழைய கார் பத்திரிகைகளைப் பாயில் பரப்பிக்கொண்டு குப்புறப் படுத்துக் கிடந்தார். சாப்பாடு வேண்டுமா என்று கேட்டால்கூட பத்திரிகையைப் பார்த்துத்தான் தலையாட்டுவார். மே மாதத்து முதல் ஞாயிறு காலையில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "இந்தா, கெளம்பு. வண்டி பாக்கப் போறேன். நீயும் வந்து பாத்து ஒரு வார்த்த சொல்லு" என்றார்.

செட்சுகோவின் கையிலிருந்த சோற்றுக் கரண்டி பாதியில் நின்றது. முப்பத்துநாலு வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் அவளை ஒரு வார்த்தை கேட்டு எதையும் செய்ததில்லை. இந்த வீட்டையே பத்திரத்தில் முத்திரை குத்திவிட்டு வந்துதான் சொன்னார். நகோயாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு ஏழு வருடம் தனியாக இருந்தாரே, அதுவும் பெட்டி கட்டச் சொன்ன அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் 'ஒரு வார்த்த சொல்லு' என்கிறார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். ஐம்பத்தெட்டு வயதானாலும் ஆசை மதியைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

அவளுடைய ஆசையும் ஒன்றும் பெரியதில்லை. கல்யாணமான புதிதில் தேனிலவு என்று இகாஹோ வெந்நீர் ஊற்றுக்குப் போனார்கள். வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மலை. மறுநாள் காலையிலேயே தொழிற்சாலையிலிருந்து போன் வந்துவிட்டது. திரும்பும் வழியில், "ரிட்டையர் ஆனதும் ஹொக்காய்டோ போலாம், கார்லயே, வடக்கு மூல வரைக்கும்" என்று சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு கிணற்றில் போட்ட கல்தான். அவள் மட்டும் இலவு காத்த கிளியாக அதைக் காத்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே அன்றைக்கு ஆறு சோற்றுருண்டை பிடித்தாள். அவருக்கு மூன்று, தனக்கு மூன்று. கூரையில்லாத வண்டியும் பார்க்கப் போகிறார் என்று பத்திரிகையைப் பார்த்தே தெரிந்துவைத்திருந்ததால், தலை கலையாமலிருக்க வெளிர்நீல ஸ்கார்ஃப் ஒன்றைப் போன வாரமே ரகசியமாக வாங்கியிருந்தாள். கண்ணாடியில் கட்டிப் பார்த்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒசாவாவின் பழைய கார் கடை ஷிபுகாவா ஊரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. கிமியோ பத்திரிகையில் குறித்து வைத்திருந்த இரண்டு கார்களும் பளபளவென்று துடைக்கப்பட்டுப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று வெள்ளி நிறக் கூபே. கூரை பின்பக்கம் சரிந்து இறங்கியிருந்தது. இன்னொன்று அடர்சிவப்பு ரோட்ஸ்டர். துணிக்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டால் ஆகாயம்தான். சிவப்பு வண்டியை ஒரு ஆள் குனிந்தும் நிமிர்ந்தும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஷிமோதா. கம்பெனியில் கிமியோவின் கீழே இருபது வருடம் வேலை பார்த்தவர். தலையில் தொப்பி, கையில் தோல் கையுறை, கக்கத்தில் சாலை வரைபடப் புத்தகம்.

"வாங்க சார், வாங்க மேடம்! நான் எட்டு மணிக்கே வந்துட்டேன்" என்றார் ஷிமோதா.

இவர் எதற்கு வந்திருக்கிறார் என்று செட்சுகோவுக்குப் புரியவில்லை. கார் விஷயம் தெரிந்தவர், துணைக்குக் கூப்பிட்டிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஒசாவா கைகளைப் பிசைந்தபடி ஆரம்பித்தார். "ரெண்டுமே நல்ல வண்டிதான் சார். என்ஜின் பத்திப் பேச்சே இல்ல. வித்தியாசம் சீட்லதான். செவப்புல ரெண்டே ரெண்டு பேரு. கூபேல பின்னாடியும் ரெண்டு சீட் இருக்கு. இருக்குன்னா, பேருக்குத்தான். பச்சக் கொழந்தைங்க உக்காரலாம், மளிகைப் பை உக்காரலாம்."

"அதப் பாக்கத்தான் இவளக் கூட்டிட்டு வந்தேன்" என்றார் கிமியோ. "இந்தா, பின்னாடி ஏறி உக்காந்து பாரு. அடங்குறியான்னு பாப்போம்."

"பின்னாடியா? முன்னாடி சீட் இருக்கே" என்றாள்.

"முன்னாடி ஷிமோதா. மேப் பாத்துச் சொல்லணும்ல? ஹொக்காய்டோ என்ன அடுத்த தெருவா? அவரும் நானும் ரெண்டு வருஷமா பிளான் போட்டுக்கிட்டு இருக்கோம்."

ஷிமோதா பெருமையாக வரைபடப் புத்தகத்தைத் தட்டிக் காட்டினார். வடக்கு மூலை வரைக்கும் சிவப்புப் பென்சிலில் கோடு ஓடியது.

ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கைக்கு இங்கே உதவியாள் இருக்கை என்றுதான் பெயர். யார் அப்படிப் பெயர் வைத்தார்களோ. அவர் சோற்றுக்கும் துணிக்கும் காய்ச்சலுக்கும் அவருடைய அம்மாவின் படுக்கைக்கும் உதவியாளாக இருந்தவள் அவள். இருக்கை மட்டும் ஷிமோதாவுக்கு.

கிமியோ குரலைத் தாழ்த்தி, ஏதோ பரிசு கொடுப்பவர் போலச் சொன்னார்: "எனக்கு மனசு பூரா அந்தச் செவப்புலதான். ஆனா அத எடுத்தா நீ வர முடியாது பாரு. ஒனக்காகத்தான் கூபே எடுக்கலாமான்னு யோசிக்கிறேன். ஒரு பக்கம் பெட்டி, ஒரு பக்கம் நீ."

செட்சுகோ ஏறினாள். ஏன் ஏறினாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. சொன்னதைச் செய்தே பழகிய உடம்பு. முன்சீட்டை மடக்கி, குனிந்து, ஒரு காலை உள்ளே விட்டு, இன்னொரு காலைக் கையால் இழுத்து வைக்க வேண்டியிருந்தது. முழங்கால் முகவாயைத் தொட்டது. சரிந்த கண்ணாடி உச்சந்தலையை அழுத்தியது. ஸ்கார்ஃப் பெல்ட் கொக்கியில் மாட்டிக் கொண்டது. கிமியோ முன்னால் உட்கார்ந்து தன் சீட்டைச் சுகமாகப் பின்னுக்குத் தள்ளினார். அவள் முழங்கால் நசுங்கியது.

"அடங்கிட்டாளே! ஒசாவா, நீங்க என்னமோ மளிகைப் பைன்னீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள்.

ஷிமோதா மட்டும் பாதிச் சிரிப்பில், "மேடம் வேணா முன்னாடி வரட்டுமே சார், நான் பின்னாடி…" என்று இழுத்தார்.

"அய்யோ, வேணாம்ப்பா. முன்னாடி உக்காந்தா வளைவப் பாத்தே வாந்தி எடுத்துருவா. ஹருனா மலைல ஒரு தடவ, புது வண்டி, சீட் பூரா நாசம். அன்னையோட சரி. இவள முன்னாடி ஏத்துறதே இல்ல."

அது உண்மைதான். அதற்குப் பிறகு அவளை அவர் பக்கத்தில் உட்கார வைத்ததே இல்லை. மாமனார் சாவுக்குக்கூட அவர் தன் தம்பியோடு காரில் போனார், அவள் ரயிலில் வந்து சேர்ந்தாள். 'எங்க வீட்டுக்காரிக்குக் கார்னாலே ஆகாது' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"என்னங்க, அது எப்ப?" பின்சீட்டிலிருந்து செட்சுகோ கேட்டாள்.

"யாருக்கு ஞாபகம். நம்ம மிஹோ பொறக்குறதுக்கு முன்னாடி."

"எத்தன மாசம் முன்னாடி?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"ஏழு மாசம். அது மலையால வந்த வாந்தி இல்லங்க. மிஹோவால வந்தது."

ஷிமோதா தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டினார். அந்த வாந்திக்கு இப்போது முப்பத்தொரு வயது; செண்டாயில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறது. விரல் விட்டு எண்ணினால் தெரிந்துவிடக்கூடிய கணக்கு. என்றைக்காவது ஒருநாள் தானாகவே எண்ணிப் பார்ப்பார் என்று அவள் வாய் திறக்காமல் இருந்தாள். அவர் எண்ணவில்லை.

"அப்பிடியா" என்றார் கிமியோ. பிறகு முன்கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்து, "ஒசாவா, இங்க ஒரு கீறல் தெரியுதே, இது போகுமா?" என்றார்.

செட்சுகோவுக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன்மேல் வந்த ஆத்திரம் அதிகம். இந்த 'அப்பிடியா'வுக்கா முப்பத்தொரு வருடம் காத்திருந்தோம் என்று நினைத்தாள். வண்டியிலிருந்து இறங்கத் தெரியாமல் தடுமாறியவளை, தேநீர்த் தட்டோடு வந்த ஒசாவாவின் மனைவிதான் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகொடுத்து இழுத்தாள்.

நேராக நின்று பாவாடையை நீவிக்கொண்டு செட்சுகோ சொன்னாள்: "செவப்பையே எடுங்க."

கிமியோ திரும்பிப் பார்த்தார். "நெஜமாவா?"

"ஒரு வார்த்த சொல்லுன்னீங்களே. சொல்லிட்டேன்."

"ஒனக்கு எடம் இருக்காதே."

"தெரியும்."

"அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"மாட்டேன்."

ஷிமோதா வியந்து போனார். "மேடம், ஒங்கள மாதிரி புரிஞ்சு நடந்துக்கறவங்க யாரு இருக்கா! எங்க வீட்லயும் ஒருத்தி இருக்காளே." ஒசாவா இரண்டு முறை இடுப்பை வளைத்து வணங்கினார். அவருக்கென்ன, சிவப்பு வண்டி ஒரு வருடமாக விற்காமல் நின்றது.

கிமியோவின் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கு முன்னால் வந்து நின்றார். மிஹோ பிறந்ததிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அம்மா', இல்லாவிட்டால் 'இந்தா'. இப்போது தலை குனிந்து, "செட்சுகோ, ரொம்ப நன்றி" என்றார்.

மனதாரத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. அவருடைய அம்மாவுக்கு ஒன்பது வருடம் மலஜலம் அள்ளியபோது வராத சொல், தனியாக இருந்து பிள்ளையை வளர்த்து ஆளாக்கியபோது வராத சொல், அவள் கூட வரமாட்டாள் என்றதும் வந்துவிட்டது.

ஓட்டிப் பார்க்க ஒசாவா சாவியைக் கொடுத்தார். கிமியோ கூரையை மடித்துத் தள்ளினார். ஷிமோதா உதவியாள் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"அந்தச் சாப்பாட்டையும் குடு. மலை மேல போயி சாப்பிட்டுக்கறோம்" என்று கையை நீட்டினார் கிமியோ. கொடுத்தாள்.

"ஒரு மணி நேரத்துல வந்துருவோம். நீ டீ குடிச்சிட்டு இரு. போயிட்டு வர்றேன்."

காய்ச்சலாகக் கிடந்த நாளிலும், பேச்சுவார்த்தை இல்லாத நாளிலும், அவர் ஷூ மாட்டும்போது வாசலில் மண்டியிட்டு 'போயிட்டு வாங்க' என்று அவள் சொல்லாமல் விட்டதே கிடையாது. வாங்க என்று சொன்னால்தான் போனவர் திரும்புவார் என்பது அவள் அம்மா வீட்டு நம்பிக்கை.

"போங்க" என்றாள்.

அவர் கையை ஆட்டிவிட்டுக் கியரைப் போட்டார். சிவப்பு வண்டி நெடுஞ்சாலையில் ஏறி மலைப்பக்கம் திரும்பியது. கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒசாவாவின் மனைவி கையை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு வேணாங்க" என்றாள் செட்சுகோ. "ரயில் ஸ்டேஷனுக்கு இங்கேருந்து பஸ் இருக்கா?"

"பத்து நிமிஷத்துல ஒண்ணு வரும். ஆனா, சார் இப்ப வந்துருவாரே?"

"வருவாரு. அந்த வண்டில ரெண்டு பேருக்குத்தானே எடம்."