ஷைனி கொன்ன ஆளுகளுக்கு ஒரு பூசை

மூணாவது ஓலை வாசிக்கிற ஞாயித்துக்கெழமை நெருங்க நெருங்க ஷைனிக்கு பயம் கூடிக்கிட்டே போச்சு. ஓலைன்னா என்னான்னு கேப்பீக. இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம், இதுல ஏதும் தடை இருக்குன்னு தெரிஞ்சவுக பங்குச் சாமியாருகிட்ட வந்து சொல்லுங்கன்னு மூணு ஞாயிறு மாதாகோயில் பூசையில வாசிப்பாக. யாரும் வாயத் தொறக்கலைன்னா அப்புறம் கல்யாணந்தான். மாப்ள ரொனால்டு எரியோட்டுல டிராக்டர் சாமான் கடை வச்சிருக்கான், தங்கமான பய, அவம்மேல ஒரு தடையும் சொல்ல முடியாது. தடை இவ கையில இருந்துச்சு. வரையிற கையி.

பகல்ல ஸ்கூல்ல டிராயிங் டீச்சரு. பூவு, மாம்பழம், தேசியக்கொடி. சாயந்தரம் வீட்டுக்கு வந்துட்டா கொலை.

நெசமாத்தான். புனைபேர்ல படக்கதை போடுறா, 'அஞ்சாங் கட்டளை'ன்னு. கொலை செய்யாதேங்கிறதுதான பத்துக் கட்டளையில அஞ்சாவது? கதையில சவரின்னு ஒரு உபதேசியாரு. காலையில கோயில் மணி அடிப்பாரு, புள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் குடுப்பாரு. ராத்திரியானா கோர்ட்டுல தப்பிச்ச அநியாயக்காரனுக வீட்டுக் கதவத் தட்டுவாரு. ஒரு ஜெபம் சொல்ல விட்டுட்டுத்தான் கொல்லுவாரு. மறுநா சாமியாருகிட்ட போயி செஞ்ச பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணுவாரு, கேட்டத வெளிய சொல்லக் கூடாதுங்கிறதால சாமியாரு தவிப்பாரு. பக்கமெல்லாம் கறுப்பு, ரத்தம் மட்டும் செவப்பு. நாலு பாகம் வந்துருச்சு. கெட்டவனக் கொன்னா அது பாவமா, புண்ணியமான்னு மெட்ராசுல படிச்ச புள்ளைக சண்டை போட்டுக்கிட்டு வாங்குதுக. அஞ்சாவது பாகத்த எப்பிடி முடிக்கன்னுதான் இவளுக்கே தெரியல.

அதுகூடப் பரவால்ல. சவரிக்கு ஒரு மூஞ்சி வேணுமேன்னு, பூசையில முன்வரிசையில உக்காந்து பாத்து, இவுக கோயில் உபதேசியாரு சிலுவைமுத்து மூஞ்சிய அப்பிடியே எடுத்துப் போட்டுட்டா. அதே அரைக்கை சட்டை, அதே பெல் இல்லாத சைக்கிளு, அதே நீட்ட மூக்கு. அந்த மனுசனா, திருவிழாவுக்கு நேந்துவிட்ட கோழிய அறுக்கயில கண்ண மூடிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நிப்பாரு.

வெளிய தெரியாமத்தான் இருந்துச்சு. கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க வீட்ட ஒதுங்க வச்ச ஆனந்தமேரி, ஷைனியோட அம்மா, அலமாரியில கெடந்த பொஸ்தகத்தையெல்லாம் பழைய பேப்பரோட கட்டி கோயிலுக்குக் குடுத்துட்டா. கட்டட வேலைக்காக பழைய பேப்பர் சேக்குறது சிலுவைமுத்துதான். நாலு பாகமும் போச்சு. உள்ள சொருகி வச்சிருந்த பென்சில் படமும் போச்சு. அதுல ஓரத்துல அவ கையெழுத்துல எழுதியிருந்தது: 'உபதேசியார் மூக்கு, இன்னும் நீளமா.'

"நீ எதுக்குமா என் அலமாரிய தொட்ட?"

"ஏன்டி, படம் போட்ட பொஸ்தகம், சின்னப் புள்ளைகளுக்கு ஆகுமேன்னு குடுத்தேன். அதுல என்ன, புதையலா இருக்கு?"

ரெண்டாவது ஓலை வாசிச்ச அன்னிக்கு பூசை முடிஞ்சதும், சிலுவைமுத்து அந்த நாலு பொஸ்தகத்தையும் அக்குள்ல இடுக்கிக்கிட்டு சாமியாரு பங்களாவுக்குள்ள போனத ஷைனி கண்ணால பாத்தா. அரைமணி நேரமா வெளிய வரல.

ரொனால்டுக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லி அழுதா.

"செத்த இரு," அப்பிடின்னான் அவன். "கொலைகாரியத்தான் கட்டிக்கப் போறேன்னு எங்கம்மாகிட்ட இப்பவே சொல்லிரவா, இல்ல கறிசோறு போட்டதுக்கப்புறம் சொல்லவா?"

"சிரிக்காத. உங்கம்மா தெனம் மூணு ஜெபமாலை சொல்றவுக. ஓலையில தடைன்னு வந்துட்டா என்ன பண்ணுவாக?"

"நாலாவது ஜெபமாலை சொல்லுவாக."

போன வச்சுட்டா.

அந்த ஞாயிறும் வந்துச்சு. அகரத்துல இருந்து சொந்தக்காரவுக ஒரு வேன் நெறைய வந்து எறங்கிட்டாக. ரொனால்டு அம்மாவும் பட்டுச்சீல கட்டி மொத வரிசையில. ஷைனி தூணு ஓரமா ஒண்டிக்கிட்டா.

பூசைக்கு முன்னாடி, இன்னிக்குப் பூசை யாராருக்காக ஒப்புக்குடுக்கிறாகன்னு உபதேசியாரு மைக்குல வாசிக்கணும். சிலுவைமுத்து கண்ணாடிய மாட்டுனாரு. ஷைனி பக்கம் ஒரு பார்வை. அவ தூணுக்குப் பின்னாடி தலைய இழுத்துக்கிட்டா.

"இறந்த ஆன்மாக்களின் இளைப்பாற்றிக்காக. கந்துவட்டி துரைப்பாண்டி. மணல் லாரி மாணிக்கம். சாராயக்கடை ஜெபமாலை. வக்கீல் குணசேகரன்..."

அவரு பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே போறாரு. அம்புட்டும் ஷைனி கொன்ன ஆளுக. மொத பாகத்துல கெணத்துல தள்ளுனவன்ல இருந்து, நாலாம் பாகத்துல கரும்பு மெசினுக்குள்ள போனவன் வரைக்கும், ஒருத்தன் விடல.

"என்னடி இது, ஒரே நாள்ல இத்தன சாவா?" ஆனந்தமேரி மகளோட தொடைய இடிச்சா. "வேன் கவுந்துருச்சு போல. ஏசுவே, பாவம்." அவ பாட்டுக்கு சிலுவை போட்டுக்கிட்டா. பின்னாடி வரிசையில ஒரு பாட்டி மூக்கச் சிந்துனா. மொத வரிசையில எரியோட்டு சம்பந்தியம்மா கண்ண மூடி உருக்கமா ஜெபிச்சாக, கந்துவட்டி துரைப்பாண்டிக்கும் சேத்துத்தான்.

ஷைனிக்கு சிரிப்பு முட்டிக்கிட்டு வருது, அழுகையும் வருது. துரைப்பாண்டிய கெணத்துல தள்ளுற படத்துல, கெணத்தடியில அவன் செருப்ப வரைஞ்சது ஞாபகம் வந்துச்சு. வார் அறுந்து ஊக்கு குத்துன செருப்பு. அழகுக்குன்னு போட்டது. அந்த ஊக்க அவனுக்கு யாரு குத்திவிட்டிருப்பான்னு அன்னிக்கு யோசிக்கல.

பூசை முடிஞ்சு ஓலை. மூணாந் தடவ. ஏதும் தடை தெரிஞ்சவுக சொல்லுங்கன்னு சிலுவைமுத்து வாசிச்சுட்டு, கண்ணாடிக்கு மேல கூட்டத்தப் பாத்தாரு. "தடை இல்லை," அப்பிடின்னு அவரே சொல்லிட்டு பேப்பர மடிச்சாரு.

வெளிய மாமரத்தடியில போயி அவரப் புடிச்சா ஷைனி.

"உபதேசியார் மாமா, மன்னிச்சுருங்க. உங்க மூஞ்சிய..."

"மூஞ்சி கெடக்கு தாயி. நீ ஒருத்தனுக்குப் பேரு வைக்கிற, பொண்டாட்டி புள்ளையக் குடுக்கிற, அப்புறம் கொன்னுபோட்டு பக்கத்தத் திருப்பிர்ற. எனக்குத் திருப்ப முடியல. நல்லவனோ, கெட்டவனோ, செத்தவனுக்குப் பூசை வைக்கணும்ல?"

"அவுக வெறும் படம் மாமா."

"அது எனக்குத் தெரியாதாக்கும். சாமியாருகிட்டப் போயி, படத்துல செத்தவுகளுக்குப் பூசை வைக்கலாமான்னு கேட்டேன். அவரு மொத பாகத்த எடுத்தவரு கீழ வைக்கல, முடியிற மட்டும் என்னைய ஒக்கார வச்சுட்டாரு. அப்புறமா, கடவுளுக்குத் தெரியும் யாருக்குக் குடுக்கணும்னு, நீங்க வாசிங்கன்னாரு." குரலத் தாழ்த்திக்கிட்டாரு. "இன்னொன்னும் இருக்கு. கொன்னது எம் மூஞ்சி. அப்ப பாதிப் பாவம் எங் கணக்குலதான?"

ஷைனி அதுக்குமேல தாங்கமாட்டாம சிரிச்சுட்டா. அவரும் சிரிச்சாரு. பொறவு சொன்னாரு, "ஒண்ணு சொல்லவா. இந்தப் பொஸ்தகம் புள்ளைக கண்ணுல பட்டதுல இருந்து ஞானோபதேச வகுப்புல ஒரு வாண்டு பேசுறதில்ல. மூக்கப் பாத்தாலே கப்சிப்."

கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசத்துல பதிப்பகத்துக்காரரு போன் பண்ணாரு. "மேடம், கடைசி பாகத்துல யாரு சாகுறா? சவரியா, சாமியாரா?"

"யாரும் சாகல சார்."

"அப்ப என்னதான் நடக்குது?"

"சவரி மைக்குக்கு முன்னாடி நின்னு பேரு வாசிக்கிறாரு. அவரு கொன்ன ஒவ்வொருத்தன் பேரும். கடைசியில தம் பேரையும் வாசிச்சுட்டு, மணிய அடிச்சுட்டு, நேரா போலீஸ் ஸ்டேசனுக்கு சைக்கிள மிதிக்கிறாரு."

"அப்ப செவப்பு எங்க வரும்?"ன்னாரு.

"ஒரே எடத்துல. கெணத்தடியில துரைப்பாண்டி பொண்டாட்டி அந்த அறுந்த செருப்ப எடுத்து வச்சிருக்கா. அவ சீல மட்டும் செவப்பு."

பொஸ்தகம் வந்ததும் மொத காப்பிய சிலுவைமுத்துக்குத்தான் கொண்டுபோயிக் குடுத்தா. அவரு ஒவ்வொரு பக்கமா எச்சி தொட்டுத் திருப்புனாரு. பேரு வாசிக்கிற எடத்துல நின்னு, அவரும் வாய்க்குள்ளயே கூட வாசிச்சாரு. கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு.

"நல்லாருக்கு தாயி. ஆனா மூக்கு இப்பவும் நீளந்தான்."

"உங்க மூக்கு அம்புட்டுத்தான மாமா, நான் என்ன பண்ணட்டும்?"

"அது சரி. அத எதுக்கு ரெண்டு பக்கத்துக்கு இழுத்துப் போட்ட?"