குகைக்குள் விட்டுவந்த விளக்குக்காரன்

கிடங்கில் பிடித்த தீயை அணைக்கப் போன அண்ணன் இரண்டு கையையும் சுட்டுக்கொண்டு வீட்டோடு கிடந்தார். விரல் நுனிவரை கட்டு. தீயணைப்பு வண்டியின் மணிச்சத்தம் கேட்காத பகல்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தார். பொறுக்க முடியாமல் தங்கை ஒரு வழி கண்டாள். பள்ளி நாள்களில் இருவரும் பிடுங்கிப் பிடுங்கிப் படித்த மாயக்குகை நாவலைப் பரணிலிருந்து இறக்கி, வாய்விட்டுப் படிக்க உட்கார்ந்தாள்.

நெருப்பு கக்கும் நாகத்தைக் கொல்ல இளவரசன் கிளம்பியதுமே அண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

"கயிறு எடுத்தானா?"

"அதெல்லாம் போடலண்ணா."

"தண்ணி?"

"வாள் எடுத்திருக்கான்."

"கிழிச்சான். நெருப்ப வாளால வெட்டுவானாமா? இவனப் பாத்துதான் நான் தீயணைப்புல சேர்ந்தேன்னு வெளிய சொல்லித் தொலைக்காத. மானம் போயிடும்."

தங்கைக்குச் சுருக்கென்றது. அவள் அழுது அழுது படித்த புத்தகம் அது. ஆனாலும் நிறுத்தவில்லை. கோட்டை பற்றி எரியும்போது இளவரசி மாடத்தில் நின்று பாடும் இடம் வந்தது.

"படிக்கட்டு இருக்குல்ல? இறங்கி ஓட வேண்டியதுதானே! பாட்டு ஒரு கேடு!"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு குகை. ஐந்து பேர் நுழைந்தார்கள். முன்னால் விளக்கோடு ஒரு வேலைக்காரன். புகை சூழ்ந்தது, பாறை சரிந்தது, ஒரே வீச்சில் நாகத்தின் தலை உருண்டது. வெளியே வந்த நால்வரும் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள்.

"நிறுத்து. விளக்குக்காரன் எங்க?"

"வந்திருப்பான்ணா."

"நாலு பேருன்னுதானே படிச்ச? தேடிப் பாரு."

அவள் கடைசிப் பக்கம்வரை புரட்டினாள். முடிசூட்டு விழா, கல்யாணம் எல்லாம் இருந்தன. குதிரைக்குக்கூட மாலை போட்டிருந்தார்கள். விளக்குக்காரனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"இத்தனை தடவ படிச்சும் நாம கேக்கவே இல்லையேண்ணா" என்றாள்.

"நாம பொடிசுங்க. எழுதின மகராசனுக்குப் புத்தி எங்க போச்சு? வெளிய வந்தா முதல்ல ஆளை எண்ணணும். அழுகை, கொஞ்சல் எல்லாம் அப்புறம்."

"கதைதானே, விடு."

"விடறதா? பேனா எடு. ஓரத்துல இடம் இருக்குல்ல, எழுது."

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, முகத்தில் ஈரத்துணி சுற்றி, இரண்டு பேர் சுவரோரமாகத் தவழ்ந்து போனார்கள். பாறைக்கடியில் முனகல் கேட்டது. கால் முறிந்திருந்தது, உயிர் இருந்தது. மெல்ல இழுத்து வந்தார்கள்.

"இளவரசன் என்ன பண்றான்ணா?"

"வெளிய குதிரையப் பிடிச்சிட்டு நிக்கட்டும். அதுக்குத்தான் அவன் லாயக்கு."

அவள் அதையும் எழுதிவிட்டு, "முடிசூட்டு விழா படிக்கட்டுமா?" என்றாள்.

"அந்தக் கண்றாவி யாருக்கு வேணும்? விளக்குக்காரனுக்கு வைத்தியரக் கூட்டிட்டு வந்தாங்களான்னு எழுது முதல்ல."

தங்கை ஓரத்தில் இடம் போதாமல் பக்கத்தைத் திருப்பினாள்.