கற்றையை அணைத்த பிறகு

துறைமுக ஸ்கேன் கூடத்தில் அந்தக் கன்டெய்னருக்குள் மூன்றாவது முறையாக ஃபோட்டான் கற்றையைப் பாய்ச்சினாள் அவள். உள்ளே இருந்தது பழைய இரும்பு. அனுப்புகிறவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர்.

சொந்தக்காரர் சரக்கு, வேறு யாரையாவது போடுங்கள் என்று காலையிலேயே மேலதிகாரியிடம் கேட்டாள். ஆளே இல்லை, வாசல் கருவிதான் சத்தமே போடவில்லையே, ஒப்புக்குப் பார்த்து அனுப்பு என்றார் அவர். வாசல் கருவி எப்படிச் சத்தம் போடும்? தானாக வெளியே வரும் கதிரைத்தான் அது பிடிக்கும். இரும்புக் குவியலின் அடியில் கிடப்பது அதற்குத் தெரியாது. கற்றை உள்ளே புகுந்து தட்டிப் பார்க்கும். யுரேனியம் இருந்தால் அணுக்கள் பிளந்து நியூட்ரான்களைக் கக்கும். கற்றையை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கக்கிக்கொண்டே இருக்கும். வெறும் இரும்புக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

முதல் இரண்டு தடவையும் அணைத்த பிறகு நியூட்ரான்கள் வந்தன. இப்போதும் வந்தன.

இதற்குள் அக்கா இரண்டு முறை போன் செய்துவிட்டாள். கூடப்பிறந்தவளே இப்படி நிற்க வைத்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அழுகை வேறு. ஸ்கேன் கருவிதான் கோளாறு, இன்னொரு தடவை ஓட்டு என்றார் மேலதிகாரி. போன வாரம் அந்தக் கருவி சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவரே அவர்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாலாவதும் இதேதான் காட்டும் சார். அப்பவாவது திறப்பீங்களா, இல்ல அஞ்சாவது ஓட்டணுமா?"

திறந்தார்கள். அடியில் கிடைத்தது குழாய் வெல்டிங்கைக் கதிரால் படம் பிடிக்கும் பழைய பெட்டி ஒன்று. உள்ளே கதிர் வீசும் குப்பியை யாரோ என்றைக்கோ முறையாகக் கழற்றி எடுத்திருந்தார்கள். கதிரைத் தடுக்க அதைச் சுற்றியிருந்த யுரேனியக் கவசம் மட்டும் அப்படியே பழைய இரும்போடு கைமாறி வந்திருக்கிறது.

சரக்கோடு வந்திருந்த மாமா அதைப் பார்த்ததும் வெளிறிப்போனார்.

"கடைக் கதவுக்கு இதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தேன். சின்னவ இது மேலதான் உக்காந்து விளையாடுவா."

நறுக்கென்று கேட்க வைத்திருந்ததையெல்லாம் அவள் அப்புறத்துக்கு ஒதுக்கினாள்.

"மேல உறை உடையல மாமா. பெருசா ஒண்ணும் ஆகியிருக்காது. நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வாங்க, பாத்துடுவோம்."

மறுநாள் குழந்தையைச் சோதித்ததில் ஒரு குறையும் இல்லை. அது தெரிந்த பிறகுதான் அவள் மாமாவைத் திட்ட ஆரம்பித்தாள். கால் மணி நேரம் திட்டினாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.