ஸ்டூல் கேட்ட பேஸ் கிட்டார்காரர்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா என்னைப் பார்த்து, "நீ என்னடா, ஜம்முனு உட்கார்ந்து வாசிக்கிறவன்" என்றாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன். (பாருங்கள், இங்கேயும் உட்கார்ந்துதான்.)

நான் ஒரு இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். அக்காவின் கணவர், அதாவது என் மாமா, அதே குழுவில் பேஸ் கிட்டார். ஹோட்டல் புல்வெளி, கம்பெனி விழா, கல்யாண வரவேற்பு என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவோம். பெரும்பாலும் மதிய நிகழ்ச்சிகள். பதினோரு வருடமாக மேடையில் அவருக்குப் பின்னால்தான் என் இடம். அவர் முகத்தைவிட முதுகு எனக்கு நன்றாகத் தெரியும். இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரற்கடை ஏறி நிற்கும். ஒவ்வொரு சட்டையும் அவருக்குக் கோணலாகத்தான் உட்காரும்.

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். முதலாவது: "வலி என்பது ஒரு..." அடித்துவிட்டேன். அப்படித் தொடங்கும் வாக்கியம் எதுவும் உண்மையில் போய் முடிவதில்லை. இரண்டாவது: "அவர் கிட்டாரை மாட்டிக்கொண்டபோது வானம்..." வானத்துக்கும் இவர் கழுத்து வலிக்கும் என்ன சம்பந்தம்? மூன்றாவதை வைத்துக்கொண்டேன். அதில் இலக்கியம் எதுவும் கிடையாது.

2

அவர் காலையில் நேராக எழுந்திருப்பதில்லை. ஒருக்களித்து உருண்டு, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதலில் கால்களை இறக்குவார். உடம்பு அப்புறம்தான் வரும். குனிந்து வாய் கொப்பளிக்க முடியாது. அதனால் ஒரு குவளையை மோவாய்க்குக் கீழே பிடித்துத் துப்புவார். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்து திரும்பாது, ஆளே திரும்ப வேண்டும். "பெரிய மனுஷன் ஆயிட்டாரு, கூப்பிட்டா திரும்பவே நேரமாகுது" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் கிண்டலடித்தார். மாமா சிரித்தார். படியேறும்போது அந்த ஆளை வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டே ஏறினார்.

கிட்டாரின் எடை நாலரைக் கிலோ. கேட்பதற்கு ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். நாலரைக் கிலோ வெங்காயத்தைப் பையில் போட்டு, ஒரே தோளில் மாட்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் நின்றுபாருங்கள். நடுநடுவே சிரிக்கவும் வேண்டும்.

வலி என்று வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம். தலையணையை மாற்றுங்கள் என்றாள் பாடகி. தலையணையே கூடாது என்றார் சவுண்ட் என்ஜினியர். கீபோர்டுக்காரர் தரையில் படுக்கச் சொன்னார். எங்கள் அப்பா ஒரே போடாகப் போட்டார்: "எல்லாம் எந்நேரமும் போனையே பாக்கறதால வர்றது." மாமாவிடம் இருப்பது பட்டன் போன்.*

* நானும் சும்மா இருக்கவில்லை. நீச்சல் நல்லது என்று சொன்னேன். எனக்கு நீச்சல் தெரியாது.

கிட்டாரையும் எடுத்து வரச் சொன்ன ஒரே ஆள் பிசியோதெரபி அம்மாதான். அதைத் தன் தோளில் மாட்டிக் கண்ணாடி முன் நின்று பார்த்தார். பிறகு மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு பென்சில் முனையால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். கட்டைவிரல், ஆமாம். ஆள்காட்டி விரல், ஆமாம். இடது கைச் சுண்டுவிரலுக்கு வந்தபோது மாமா கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு, "எப்ப தொடப்போறீங்க?" என்று கேட்டார்.

"மூணு தடவை தொட்டாச்சு" என்றார் அந்த அம்மா.

கழுத்தில் ஒரு நரம்பு நசுங்குகிறதாம். "இனிமே நின்னு வாசிக்காதீங்க. உயரமான ஸ்டூல் போட்டு உட்காருங்க, கிட்டார் மடியில இருக்கட்டும். எதையும் தூக்காதீங்க. இப்படியே விட்டா இந்த விரல் திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது."

"ஸ்டூல்தானே?" என்றார் மாமா. அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஆபரேஷன் என்பார்கள் என்று பயந்து போயிருந்தவர் அவர்.

3

இங்கே குழுத் தலைவர் வருகிறார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சரிசரி. எதைக் கேட்டாலும் "சரி, சரி" என்பார், எதுவும் நடக்காது. இவரை வில்லனாக்கி இரண்டு பக்கம் எழுதினேன். கையில் தடித்த மோதிரம், வாயில் கெட்ட வார்த்தை. எல்லாம் என் கற்பனை. ஒத்திகைக்கு எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் வாங்கி வருபவர் அவர்தான். பிள்ளைகளுக்குப் பரீட்சை எப்படி என்று விசாரிப்பார். எழுதியதைக் கிழித்தேன். கிழித்த பிறகு கோபம் அதிகமானது. கெட்டவன் ஒரு ஸ்டூலை மறுத்தால் போகிறான் என்று விட்டுவிடலாம்.

ஒத்திகை அறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகள் ஒட்டியிருக்கும். மாலை நாலு மணி.

"நான் ஒரு ஸ்டூல் போட்டுக்கறேன்" என்றார் மாமா. "உயரமானதுதான். தூரத்துல இருந்து பாத்தா நிக்கற மாதிரியேதான் இருக்கும்."

"சரி, சரி. வலி இப்ப எப்படி இருக்கு?"

"இருக்கு."

"சரி, சரி. ஆனா பாருங்க, முன்வரிசைல நீங்க உட்கார்ந்தா கேக்கறவங்களும் உட்கார்ந்துடுவாங்க. நாம அவங்களை ஆட வைக்கணும்ல?"

"கீபோர்டு உட்கார்ந்துதானே வாசிக்கறாரு?"

"அது கீபோர்டு."

"அப்ப கீபோர்டைத் தூக்கி என் கழுத்துல மாட்டுங்க. நானும் உட்கார்ந்துக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. சரிசரி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி. அவர்கூடவே வாசிக்கறவன் நீதான். வாசிப்புல ஏதாவது குறை தெரியுதா?"

நான்

(இந்த வாக்கியத்தை ஆறு தடவை எழுதி ஆறு தடவையும் இங்கேயே விட்டிருக்கிறேன். அடுத்த பகுதிக்குப் போய்விடலாம்.)

4

மேடையில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும்போது

(வேண்டாம். தப்பித்து ஓடுகிறேன் என்று உங்களுக்கே தெரிகிறது.)

மறுபடியும் 3

நான், "இல்லை, ஒரு குறையும் இல்லை" என்றேன்.

"சரி, சரி. அப்புறம் எதுக்கு ஸ்டூல்?" என்றார் சரிசரி. பேச்சு அதோடு முடிந்தது.

வெளியே வந்ததும் மாமா என் தோளைத் தட்டினார். "மானத்தைக் காப்பாத்திட்ட மாப்ள." அந்தத் தட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

இனி உண்மையைச் சொல்கிறேன். பேஸ் கிட்டாரும், நான் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மும் ஒரே நேரத்தில் விழ வேண்டியவை. அந்த டிரம்மை நாங்கள் கிக் என்போம். இரண்டும் சேர்ந்து விழுந்தால் கேட்பவர் காதுக்கு ஒரே சத்தம்தான், எது கிட்டார் எது கிக் என்று பிரிக்க முடியாது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பாட்டில் மாமாவின் சுண்டுவிரல் கம்பியைச் சரியாக அழுத்தவில்லை. சுரம் வரவில்லை, வெறும் 'டொக்'. அந்த இடத்தில் என் கால் தானாக ஒரு கிக்கைப் போட்டு மூடிவிட்டது. அடுத்த வாரமும் அப்படியே. அதன் பிறகு தானாக என்று சொல்ல முடியாது. எந்தப் பாட்டில், எந்த வரியில் அந்த விரல் ஏமாற்றும் என்று எனக்கு மனப்பாடமாகிவிட்டது. முன்கூட்டியே காலைத் தயாராக வைத்திருப்பேன்.

யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை. விரலில் உணர்ச்சி இல்லை, காதில் என் கிக் விழுகிறது. வாசித்துவிட்டோம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதில் பெருமை வேறு! என் வாழ்நாளில் நான் இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை.

குறை இருக்கிறது என்றால் ஆளை மாற்றிவிடுவார்களோ என்று பயந்தேன். அக்காவிடம் இந்தக் காரணத்தைத்தான் சொன்னேன். பாதி உண்மை. மீதிப் பாதி, "எத்தனை நாளா மறைச்ச?" என்று கேட்பார்களே என்ற பயம். சரிசரியைத் திட்டுவதற்காக எழுத ஆரம்பித்தேன். அந்த மனிதர் காதால் கேட்டதைத்தான் நம்பினார். அவர் காதை எட்டு மாதம் ஏமாற்றியவன் நான்.

5

வருடத்தில் ஒரு தடவை சரிசரி எங்களுக்கு ஒரு நிகழ்ச்சிப் பதிவை அனுப்புவார். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும், அவரவர் கேட்டுத் திருத்திக்கொள்ள. அவர் அதைக் கேட்பதில்லை. நாங்களும் கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமை மாமா கேட்டார்.

சமையலறை மேசையில் அக்காவின் லேப்டாப். கழுத்துக்குப் பின்னால் வெந்நீர்ப் பை. முதல் இரண்டு பாட்டும் ஒழுங்காகப் போயின. மூன்றாவதில் ஒரு 'டொக்'. பதிவில் கோளாறு என்று நினைத்தார். திரும்பவும் அதே இடத்தில். டிரம்ஸ் பதிவையும் சேர்த்து ஓடவிட்டார். சுரம் விழாத அந்த ஓட்டை காணாமல் போனது. டிரம்ஸை நிறுத்தினார். ஓட்டை வந்தது. இப்படியே பன்னிரண்டு பாட்டையும் கேட்டு முடித்தார். நான் போய்ச் சேர்ந்தபோது வெந்நீர்ப் பை ஆறிப்போயிருந்தது.

"எத்தனை நாளா?" என்றார்.

"எது மாமா?"

"என்னைக் கேனையன் ஆக்காத. எத்தனை நாளா?"

"எட்டு மாசம்."

"எட்டு மாசமா என் விரல் செத்துக்கிட்டிருக்கு. எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

"உங்களுக்காகத்தான் மாமா..."

"எனக்காக நீ ஒண்ணும் கிழிக்க வேணாம்! நான் தப்பா வாசிச்சா அது என் தப்புடா. அது என் காதுல விழணும். அதை மூடிவைக்க நீ யாரு?"

வெந்நீர்ப் பையைத் தூக்கி எறியக் கையை ஓங்கினார். ஓங்கிய வாக்கில் கழுத்து பிடித்துக்கொண்டது. பாதி திரும்பியபடி அப்படியே நின்றார். கோபத்தைக்கூட ஒழுங்காகக் காட்ட விடாத உடம்பு. நான் பிடிக்கப் போனேன்.

"தொடாத."

அக்கா வெட்டிக்கொண்டிருந்த காயை விட்டுவிட்டு எழுந்து வந்து அவரை மெல்ல உட்காரவைத்தாள். பிறகுதான் என்னிடம் கேட்டாள். "அந்த ஆளு கேட்டப்ப குறையில்லைன்னு சொன்னது நீதானா?" தலையாட்டினேன். தொடக்கத்தில் நீங்கள் படித்த அந்த 'ஜம்முனு உட்கார்ந்து' வார்த்தையை அப்போதுதான் சொன்னாள்.

6

எழுதிப் பார்த்த முடிவுகள்:

மேடை நடுவில் ஸ்டூல். மாமா உட்கார்ந்து வாசிக்கிறார். கூட்டம் எழுந்து கைதட்டுகிறது, சரிசரி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இதை எழுதி முடித்தபோது எனக்கே குமட்டியது.

அடுத்தது: ஒரு நல்ல நாளில் விரல் தானாகவே உயிர் பெற்று... பிசியோதெரபி அம்மா இதைப் படித்தால் என்னைப் படுக்கவைத்துக் கழுத்தைத் திருகிவிடுவார்.

இன்னொன்று அக்கா சொன்னது. "இவரு வாசிக்கறதையே விட்டுட்டாரு, கழுத்து சரியாயிடுச்சு, ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்கினாங்கன்னு எழுது." எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். பேனாவை வாங்கி அவளே குறுக்கே ஒரு கோடு போட்டாள். "இதுல இருக்கறது என் புருஷனே இல்லடா."

மாமாவும் இதுவரை எழுதிய எல்லாவற்றையும் படித்துவிட்டார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: கிட்டார் நாலரைக் கிலோ இல்லை, நாலே முக்கால். (மாற்றவில்லை. எனக்கும் கோபம் இருக்கிறது.)

7

இன்று சனிக்கிழமை. நாளை மதியம் ஒரு ஹோட்டல் புல்வெளியில் நிகழ்ச்சி. சரிசரியிடம் நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். மாமா விடவில்லை.

"நீ சொன்னா, உன் மனசு லேசாயிடும். எனக்கு என்ன ஆகும்? பாவம்னு ஒரு ஸ்டூல் போடுவாரு, அடுத்த மாசம் வேற ஆளைப் போடுவாரு. வேண்டாம். நாளைக்கு உன் கிக்கால நிரப்பாத. ஓட்டை விழட்டும். அந்த ஆளு காதால கேக்கட்டும்."

"கேட்டா?"

"திரும்பிப் பாப்பாரு. அப்ப நான் அனுமதி கேக்க மாட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் மீதியை வாசிப்பேன். எழுந்திருன்னு சொன்னா கிட்டாரைக் கழட்டி அங்கேயே வெச்சுட்டு வந்துடுவேன்."

ஸ்டூலை அக்கா காரில் ஏற்றிவிட்டாள். அவரைத் தொடவிடவில்லை.

இங்கே என்னால் நகர முடியவில்லை. நிரப்பினால் நாளையும் ஒரு குறையும் இருக்காது. அவர் நின்றுகொண்டே இருப்பார், அந்த விரல் ஒரேயடியாகப் போய்விடும். நிரப்பாவிட்டால், எனக்குத் தெரிந்தவர்களிலேயே நல்ல பேஸ்காரர் இருநூறு பேர் முன்னால் தடுமாறுவார். அதை நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எதைச் செய்வேன் என்று கேட்காதீர்கள். காலையில் ஒத்திகை பார்த்தோம், நாங்கள் இருவர் மட்டும். நிரப்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கால் கேட்கவில்லை, மிதித்துவிட்டது. மாமா முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நல்ல முடிவாக ஒன்று எழுதித் தரச் சொல்கிறீர்களா? எழுதினால் அதுவும் நிரப்புவதுதான். நாளை பன்னிரண்டரை மணிக்கு மூன்றாவது பாட்டு. பாடகி இரண்டாவது வரியை முடிக்கிறாள், சரிசரி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். என் கால் பெடலின் மேல் இருக்கிறது. மாமா சுண்டுவிரலை நீட்டுகிறார்.