புகை பிடிக்காது

மேலூர்ப் பக்கத்து விவசாயி காளைக்கு இடது காலில் மூன்று விரல்தான் மிச்சம். மற்ற இரண்டும் சர்க்கரை வியாதியில் போய்விட்டன. "பீடியை விட்டா புண்ணு ஆறும். விடலைன்னா அடுத்து பாதம்" என்றார் டாக்டர், காபிக்குச் சீனி வேண்டாம் என்று சொல்கிற நிதானத்தில்.

காளை அப்போதே விட முடிவெடுத்தார். நாளையிலிருந்து.

மதுரையில் அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரி அந்த மாதம்தான் புகையில்லா வளாகமாகியிருந்தது. 'இங்கே புகை பிடிக்கக் கூடாது' என்று எழுத வந்த பெயிண்டர், பலகையில் இடம் போதாமல் சுருக்கிவிட்டார்: 'இங்கே புகை பிடிக்காது.'

"யாருக்குப் புடிக்காது?" என்று நர்ஸ் சபியாவிடம் கேட்டார் காளை. "எனக்குப் புடிக்குமேம்மா."

"அப்ப கேட்டுக்கு வெளிய போங்கண்ணே. ஆனா காலை ஊனக் கூடாது, வீல்சேர்லதான் போகணும்."

வீல்சேருக்குச் சீட்டு வேண்டும். அதில் 'எங்கே', 'எதற்கு' என்று இரண்டு கட்டங்கள். சபியா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் எழுதினாள்: 'கேட். பீடி.'

வண்டி தள்ளுகிற சுருளி அதை வார்டே கேட்க எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, பக்கத்துப் படுக்கை அருள்பாண்டியிடம் சொன்னான்: "அண்ணே, உங்க ஸ்கேனு கொஞ்சம் பொறுங்க. இவருக்கு அவசரம்."

வார்டுக்கு ஒரே வீல்சேர். அருள்பாண்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாங்கண்ணே. என் கிட்னிக் கல்லு எங்கயும் ஓடிராது" என்றார்.

கேட்டருகே மஞ்சள் கோடு. அந்தப் பக்கம் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் வரிசையாக நின்று இருமிக்கொண்டே ஊதினார்கள். காளை பாதி பீடியிலேயே அணைத்துவிட்டார். அருள்பாண்டியின் கல் இவர் தொண்டையில் நின்றது.

மறுநாள் கண் கேட் பக்கமே போனது. சபியா சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். "எழுதாதம்மா" என்றார் காளை. அடுத்த நாள் வாய் முழுக்கச் சோம்பு. நாலாம் நாள் காரணமில்லாமல் சுருளியைத் திட்டினார். சுருளி காரணமில்லாமல் பொறுத்துக்கொண்டான். அந்தப் பழைய சீட்டு மட்டும் தலையணைக்கடியில் இருந்தது. ஆசை வந்தபோதெல்லாம் எடுத்து வாசித்தார்: 'கேட். பீடி.' நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்ப வைத்தார்.

பதினாறாம் நாள் டாக்டர் காலில் போட்டிருந்த கட்டைப் பிரித்துப் பார்த்தார். "பாதம் தப்பிச்சிருச்சு. வீட்டுக்குப் போகலாம்."

சுருளி மஞ்சள் கோட்டைத் தாண்டித் தள்ளிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏற்றினான். கூட்டிப்போக வந்திருந்த மைத்துனர் கருப்பு, வாயில் ஒரு பீடியோடு இன்னொன்றை நீட்டினார். "இந்தாங்க மாப்ள, இங்க ரூல்ஸு இல்ல."

வாசனை மூக்கில் ஏறியது. காளையின் கை பாதி வரை எழும்பியது. சுருளி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன மாப்ள, புடிக்காதா?"

"புடிக்கும்" என்றார் காளை, கையை மடியில் வைத்துக்கொண்டு. "ஆனா புடிக்க மாட்டேன். நீங்களும் அணைச்சிட்டு ஏறுங்க. மேலூர் வரைக்கும் இந்த ஆட்டோ புகையில்லா வளாகம்."