வேண்டும் அணி

இருபத்திரண்டு வருடமாகப் பட்டிமன்றம் பேசுகிறேன். குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்ற தலைப்பில் மட்டும் நாற்பது தடவை கணவனுக்காக வாதாடித் தோற்றிருக்கிறேன். வீட்டிலும் அதே தீர்ப்புதான் என்பதால் பெரிய வருத்தமில்லை. இலியாஸ் வாத்தியார் என்றால் பெரம்பலூரில் தெரியும். லெப்பைக்குடிக்காட்டில் வீடு, டவுனில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒரு மேடை.

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் தொழிலாளர் மன்ற ஆண்டு விழா. அங்கேயும் கணவனா மனைவியாதான் பேசுவதாக இருந்தது. நாலு நாள் இருக்கும்போது மன்றச் செயலாளர் பரணிதரன் போன் செய்தார்.

"சார், தலைப்பை மாத்திட்டோம். டிவியைப் போட்டா அதான் ஓடுது. தீவிரவாதிங்களை அடிக்க அஞ்சாறு நாடு சேர்ந்து படை அனுப்புதுல்ல, நம்மளையும் கூப்பிடுறாங்கல்ல? 'கூட்டுப்படையில் இந்தியா சேர வேண்டுமா, வேண்டாமா?' எப்படி சார்?"

"நல்லாருக்கு" என்றேன்.

அந்தப் படை போகிற நாட்டில்தான் என் மகன் அனஸ் இருக்கிறான். எண்ணெய்க் கம்பெனி கேம்ப்பில் ஸ்டோர் கீப்பர். விமான நிலையத்துக்குப் போகிற சாலையைத் தீவிரவாதிகள் மறித்துப் பதினெட்டு நாளாகிவிட்டது. மூன்று நாளைக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் அவன் குரல் வரும். கடைசியாக வந்தது இது: "அத்தா, நல்லாருக்கோம். அவனுங்க கேம்ப் கேட்டுல வந்து எல்லார் போனையும் வாங்கிப் பாக்குறானுங்க. வூட்டுல யாரு, என்ன பேசுறாங்கன்னு நோண்டுறானுங்க. நம்ம பாஷை தெரிஞ்சவனும் கூட இருக்கான். நீங்க மேடையில இதைப் பத்தி எதுவும் பேசிடாதீங்க அத்தா." என் மனைவி சாகிரா அதை நூறு தடவை போட்டுக் கேட்டுவிட்டாள்.

"நான் எந்த அணி தம்பி?"

"வேண்டும் அணி சார். நீங்கதான் தலைவர்."

"வேண்டாம் அணிக்கு மாத்திடுங்களேன். ரெண்டு வார்த்தை பேசிட்டு உக்காந்துடுறேன்."

பரணிதரன் கொஞ்சம் தயங்கினார். "சார், உங்களைப் பத்தி எனக்குத் தெரியும். கேக்குறவங்க எல்லாருக்கும் தெரியாதுல்ல? நீங்க போய்ப் படை வேணாம்னு பேசுனா வேற மாதிரி எடுத்துக்குவாங்க. அந்த அணிக்குச் சின்னதுரை சாரைப் போட்டிருக்கோம். பட்டாளத்துக்காரர் வேணாம்னா யாரு என்ன சொல்லப்போறா?"

"அப்ப நான் வரலை. உடம்பு முடியல."

"பிளெக்ஸெல்லாம் அடிச்சாச்சு சார். இப்ப வரலைன்னா அதையும் வேற மாதிரி..."

நல்ல பையன். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னான். அதுதான் எரிச்சல், கோபப்படக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லை. மகன் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அங்கே ஏன் போனான் என்று கேள்வி வரும். எங்கே குண்டு வெடித்தாலும் ஆசிரியர் அறையில் முதலில் நான் கண்டிக்க வேண்டும், பிறகுதான் எல்லாரும் டீ குடிப்பார்கள். முப்பது வருடமாகக் கண்டித்துக் கண்டித்து எனக்கு அலுத்துவிட்டது.

அனஸ் விஷயம் தெரிந்த ஒரே வெளி ஆள் சின்னதுரை அண்ணன். உடையார்பாளையத்துக்காரர். மேடையில் நாங்கள் எலியும் பூனையும், இறங்கினால் ஒரே தட்டில் சாப்பிடுவோம். இருபது வயதில் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். எதைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசுவார், அதைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். அவர் மகன் பிரேமும் இப்போது பட்டாளத்தில் இருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மேடைக்குப் பின்னால் என்னைத் தனியே அழைத்துப் போனார். "வாத்தியாரே, சுத்தி வளைச்சுச் சிரிக்க வச்சுட்டு உக்காந்துடு. அனுப்பணும்ங்கிற வார்த்தை மட்டும் உன் வாயில வரக்கூடாது."

"நீங்க என்னண்ணே பேசப்போறீங்க?"

"மனசுல உள்ளதைத்தான். அனுப்பாதீங்கய்யான்னு. ஒரு வூட்டுக்கு ஒரு யாழ்ப்பாணம் போதும்."

முதல் வரிசையில் அவர் மனைவி ஜானகி அண்ணி உட்கார்ந்திருந்தார். பட்டிமன்றத்துக்கெல்லாம் வருகிறவர் இல்லை. புருஷன் இன்றைக்கு என்ன பேசப்போகிறார் என்பது தெரிந்துதான் வந்திருந்தார்.

நான் பேசினேன். நாலு பேர் சேர்ந்து ஷேர் ஆட்டோவில் போனாலே இறங்கும்போது சண்டை வருகிறது, நாலு நாடு சேர்ந்தால் வராதா என்றேன். சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் வருகிற வம்பைச் சொன்னேன், போனால் வருகிற வம்பையும் சொன்னேன். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எந்தப் பக்கம் பேசுகிறேன் என்று எனக்கே தெரியாதபடி பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, நன்றி வணக்கம் சொல்லப்போனேன்.

நடுவர் அண்ணாதுரை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விடவில்லை. "ஐயா, கழுவுற மீன்ல நழுவுற மீனா இருக்கீங்களே! நேரலையில ஊரே பாத்துக்கிட்டிருக்கு. அணித் தலைவர் வாயால ஒரே வார்த்தை. படை அனுப்பணுமா, கூடாதா?"

"சொல்லுங்க சார்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இரண்டு, பத்து, பிறகு எத்தனையோ போன்கள் என் முகத்துக்கு நேராக உயர்ந்தன. அனுப்ப வேண்டும் என்றால் அங்கே கேம்ப் கேட்டில் நிற்கிறவன் கேட்பான். வேண்டாம் என்றால் நாளைக் காலையில் இங்கே எல்லாரும் கேட்பார்கள். அல்லாவே, இந்த ஒரு நிமிடத்தைத் தாண்டவிடு என்று வேண்டினேன்.

சின்னதுரை அண்ணன் எழுந்தார்.

"உங்க முறை இன்னும் வரலீங்க" என்றார் நடுவர்.

அண்ணன் என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "அவர என்னங்க கேக்குறது? நான் சொல்றேன். அனுப்பணும். எம்மவன் பிரேம் பட்டாளத்துலதான் இருக்கான். மொதல்ல அவன அனுப்புங்க."

கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. எதிரணித் தலைவரே இந்தப் பக்கம் வந்தபிறகு தனக்குத் தீர்ப்புச் சொல்ல என்ன இருக்கிறது என்று நடுவர் சிரித்தார். போன்களெல்லாம் சின்னதுரை அண்ணன் பக்கம் திரும்பின. என்னிடம் கேட்ட கேள்வி யாருக்கும் ஞாபகமில்லை.

கைதட்டாமல் இருந்தது ஜானகி அண்ணி மட்டும்தான். அவர் புருஷனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

மகனைத் தந்த வீரத் தந்தை என்று தலைப்பு வைத்து அந்த வீடியோவை வேப்பந்தட்டையிலிருந்து சென்னை வரை அனுப்பினார்கள். எனக்கே பதினோரு குரூப்பில் வந்தது. நான் பேசிய பத்து நிமிடத்தை ஒருவரும் வெட்டிப் போடவில்லை. என் பேச்சு யாருக்கும் வேண்டாமல் போனதற்காக வாழ்க்கையிலேயே அன்றுதான் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மூன்று வாரம் கழித்துச் சாலை திறந்தது. அனஸ் திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கினான். பாதியாக இளைத்திருந்தான். மறுநாள் காலையில் சின்னதுரை அண்ணனும் அண்ணியும் ஆப்பிள் பையோடு பைக்கில் வந்தார்கள். அண்ணி அனஸின் தலையைத் தடவினார். சாகிரா கொடுத்த டீயை வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"பிரேம் எப்படிங்க இருக்கான்?" என்று சாகிரா கேட்டாள்.

"நேத்துப் பேசுனான். போறது இன்னும் முடிவாவலையாம். போனா யாரு யாருன்னு யூனிட்ல பேரு கேட்டாங்களாம். எல்லாரும் இவனைத்தான் பாத்தாங்களாம், அப்பா வீடியோவப் பாத்தவனுங்கல்ல. பேரைக் குடுத்துட்டேம்மான்னான்." அண்ணி குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அண்ணே" என்றேன்.

"விடு வாத்தியாரே" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வேண்டாம்ணே. பேரை எடுக்கச் சொல்லுங்க. படையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்." இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக மனதில் இருந்ததை அப்படியே பேசிவிட்டேன். வீட்டுக்குள், மைக் இல்லாமல், காலம் கடந்து.

அண்ணி அனஸ் பக்கம் திரும்பினார். "அங்க குளிருமா தம்பி?"

"மார்கழியில ரொம்பக் குளிரும் பெரியம்மா. விடியக்காலம் விரலு மரத்துப் போயிடும்."

சொல்லிவிட்டு அவன் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தான். கம்பெனியில் கொடுத்த தடித்த ஜாக்கெட்டை எடுத்து வந்து அண்ணி மடியில் வைத்தான். "பிரேம் அண்ணனும் நானும் ஒரே உயரந்தான்."

அண்ணி டீயைக் கீழே வைத்தார். ஜாக்கெட்டை விரித்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சாண் போட்டு அளக்க ஆரம்பித்தார்.