கூரைக்கு ஏறிய ஈயம்

ஊரில் எந்தக் காரின் சக்கரம் ஆடினாலும் அவரிடம்தான் வந்து நிற்கும். டயர் கடையில் சக்கரத்தை இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றிப் பார்த்து, எங்கே எடை குறைகிறதோ அங்கே விரல் அகல ஈயப் பட்டையை ஒட்டுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தப் புத்தி அவரை விடவில்லை. ரிமோட்டில் பாறை ஏறும் குட்டி வண்டிகளை வைத்து விளையாடும் வளர்ந்த மனிதர்களின் சங்கம் ஒன்று இருந்தது. அங்கே தன் வண்டியின் முன்சக்கரங்களுக்குள் அதே ஈயத்தை ஒட்டி, செங்குத்துக் கல்லிலும் பல்லி மாதிரி ஏற்றிக் காட்டுவார். எடை கீழே இருக்க வேண்டும், முன்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். சங்கத்தில் அவருக்கு ‘ஈயம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கோபப்பட வேண்டிய மனிதர் பூரித்துப் போனார்.

இந்தச் சுகத்துக்கு வேட்டு வைத்தவர் சம்பந்தி. சம்பந்தி என்று சொல்வதுகூட அவசரம்தான். மகளும் அந்த வீட்டுப் பையனும் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்து, ஒருவரையொருவர் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். பையன் தங்கம். மருந்துக்கடை முதலாளியான அவன் அப்பாதான் “யோசிச்சு சொல்றேன்” என்ற இடத்திலேயே காலை ஊன்றி நின்றார். யோசிக்கிற நேரத்தில் பெண்ணின் அப்பாவோடு பழகிப் பார்க்கலாமே என்று சங்கத்திலும் சேர்ந்தார். சேர்ந்தவர் இருப்பதிலேயே பகட்டான வண்டியாகப் பார்த்து வாங்கினார். அதன் கூரைமேல் இரும்புச் சட்டம். அதில் உபரி டயர், பெட்ரோல் கேன்கள், ஏணி, மண்வெட்டி. யாரோ குடும்பத்தோடு வீடு மாறுகிற மாதிரி இருந்தது. முதல் கல்லிலேயே மல்லாந்து விழுந்தது.

போட்டி நெருங்கியதும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, இந்தத் தடவை அவரை ஜெயிக்க விட்டுடுங்க. மனுஷன் சந்தோஷத்துல சரின்னு சொல்லிடுவார். ஒரு நாள் தோத்தா உங்க கிரீடம் எறங்கிடுமா?”

“தோக்கறதுக்கு நான் ரெடி. ஆனா அவர்கிட்ட தோக்கணுமே! அது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது.”

உண்மைதான். முதல் கல்லிலேயே கவிழ்கிறவரிடம் தோற்க வேண்டுமானால் அதற்கும் முன்னால் கவிழ வேண்டும். முதலில் நேர்வழியில் போய்ப் பார்த்தார். மருந்துக்கடைக்கே போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சம்பந்தி, அந்தக் கூரைச் சாமானை எல்லாம் எடுத்துட்டு, முன்சக்கரத்துல கொஞ்சம் ஈயம் ஒட்டித் தரட்டுமா?”

“ஏன், கம்பெனிக்காரன் முட்டாளா?” என்று சிரித்தார் சம்பந்தி. “என்னோடது டிசைன் சம்பந்தி. உங்களோடதுதான் ஈயம்.”

அதற்குமேல் வேறு வழியில்லை. பால்கனியில் செங்கற்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேண்டுமென்றே தப்பாக ஓட்டினால் சங்கத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்; அவர் விரல் அசைவு எல்லாருக்கும் அத்துப்படி. அதனால் வண்டியைத்தான் கெடுக்க வேண்டும். முன்சக்கரங்களில் இருந்த ஈயத்தை உரித்து, மேற்கூட்டின் உள்பக்கம், கூரைக்கு அடியில் ஒட்டினார். வண்டி அப்போதும் ஏறித் தொலைத்தது. இன்னொரு பட்டை ஒட்டினார். தள்ளாடிக்கொண்டே ஏறியது. கடைசியில் கூரை முழுக்க ஈயமான பிறகுதான் விழுந்தது. வண்டியை ஏறவைக்கக்கூட இவ்வளவு மெனக்கெட்டதில்லை என்று அவருக்கு வயிறெரிந்தது. ஆனாலும் மகள் முகத்தை நினைத்துக்கொண்டு மனதைத் தேற்றிக்கொண்டார்.

போட்டிக்கு இரண்டு குடும்பமும் வந்திருந்தது. உடைந்த கற்களைக் கொட்டி, ஜோடி ஜோடியாகக் குச்சி நட்டு, அந்தக் குச்சிகளுக்கு நடுவே வண்டி போக வேண்டும் என்பது ஏற்பாடு. கவிழ்ந்த வண்டியைக் கையால் நிமிர்த்தினால் புள்ளி போகும். சம்பந்தி எல்லாக் கல்லிலும் கவிழ்ந்தார், எல்லாக் கல்லிலும் கைவைத்தார், எப்படியோ கடைசிக் குச்சியைத் தாண்டினார். பிறகு ஈயம் வந்தார். முதல் கல்லில் பாதி ஏறிய வண்டி ஒரு கணம் யோசித்தது. அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து, உருண்டு, சம்பந்தியின் செருப்பருகே போய்க் கிடந்தது. நிமிர்த்தி வைத்தால் மறுபடி கவிழ்ந்தது. நேரம் முடியும்வரை இதே கதைதான்.

“ஈயமா இப்படி!” என்று சங்கமே வாயைப் பிளந்தது.

சம்பந்தி வண்டியைத் தூக்கிப் பார்த்தார். மேற்கூடு கழன்று கையோடு வந்தது. உள்ளே ஈயம் பளபளத்தது.

“அடடா, எடையை மேல வைக்கலாமா சம்பந்தி? கீழ இல்ல வைக்கணும்!” என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லி, அவர் தோளில் கைபோட்டுக்கொண்டார். அதே சூட்டில், “கல்யாணத்துக்கு நாள் பாத்துடுவோம்” என்றும் சொல்லிவிட்டார். மனைவிக்குக் கண் கலங்கியது. ஈயத்துக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

திரும்பும் வழியில் சம்பந்தி போன் செய்தார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அடுத்த போட்டிக்கு முன்னாடி வண்டியைக் கொண்டு வாங்க சம்பந்தி. எடை எங்க வைக்கணும்னு நானே சொல்லித் தரேன்.”

“கண்டிப்பா சம்பந்தி. உங்களை மாதிரி வருமா!” என்றார் அவர், காரை ஓட்டிக்கொண்டே. அவரே எதிர்பார்க்காத குழைவு அந்தக் குரலில் இருந்தது.

போன் வைத்ததும் பின்சீட்டிலிருந்து மகள் கேட்டாள்.

“எனக்காகத்தானேப்பா தோத்தீங்க?”

மறைத்துப் பயனில்லை. சக்கரத்தில் ஈயம் ஒட்டுவதைப் பார்த்தே வளர்ந்த பெண். “உனக்காகத்தாம்மா. இதுல என்ன இருக்கு, வெறும் விளையாட்டுதானே?”

“வெறும் விளையாட்டுன்னா ஜெயிச்சிருக்கலாமேப்பா. நீங்க விளையாட்டுல ஜெயிச்சதுக்கே வேண்டாம்னு சொல்ற வீடுன்னா, அது எனக்கு இன்னைக்கே தெரிஞ்சிருக்கும். இப்ப நான் அங்க போய்த்தான் தெரிஞ்சுக்கணும்.”

கார் சிவப்பு சிக்னலில் நின்றிருந்தது. பச்சை விழுந்து, பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் அவர் காரை எடுத்தார்.